இன்று நான் போட்ட பெரிய கையெழுத்து

மலேசியாவில் பத்து பகாட் ஊரில் இருக்கிற தையல் ஃபேக்டரியில் எங்கள் லைனுக்கு நான்தான் சூப்பர்வைசர்.

இன்று ஓர் ஊசி உடைந்தது. தைப்பது குழந்தைச் சட்டை. உடைந்த துண்டெல்லாம் கிடைக்காமல் யாரும் மிஷினை ஓட்டக் கூடாது.

தேடி எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். “எல்லாத் துண்டும் இருக்கு, மிஷினப் போடுங்க,” என்றேன்.

ஒருத்தரும் போடவில்லை. இருபது வருடமாகத் தைக்கிற செல்வி அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா வந்து அதே துண்டுகளைப் பொருத்தினார். “எல்லாம் இருக்கு லா,” என்றார்.

பன்னிரண்டு மிஷின்களும் ஒன்றாக ஓடத் தொடங்கின.

நான் சொன்னதும் அதேதான்.

ஊசி உடைந்த ரிப்போர்ட்டில் சூப்பர்வைசர் கையெழுத்துதான் செல்லும். வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டேன். சிரிக்கிறவர்கள், உங்கள் வேலையிடத்துச் செல்வி அக்கா யாரென்று கீழே கமெண்டில் சொல்லிவிட்டுச் சிரியுங்கள்.