நைனா பறக்காத கதை

எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுக்க ஃபேன் ஓடவில்லை. கரண்டு இருந்தது, ஃபேனும் இருந்தது. நைனா விமானம் செய்துகொண்டிருந்தார்.

உத்திரமேரூர் ரோட்டோரப் பட்டறையில் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிற மனுஷன். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, நானும் ஒன்று செய்து பறப்பேன் என்று கிளம்பிவிட்டார். மூன்று சக்கரம், ஒரு சீட்டு, பின்னாலிருந்து தள்ள ஒரு பழைய கார் எஞ்சின், தலைக்கு மேல் நீளமாக இரண்டு இறக்கை. வண்டி ஓடும்போது அடிக்கிற காற்றே அந்த இறக்கையைச் சுற்றுமாம், சுற்றினால் வண்டி எழும்புமாம். "அப்ப ஹெலிகாப்டரா நைனா?" என்று கேட்டால், கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி முறைப்பார். அவர் அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

என் சைக்கிளின் பிரேக்கும் அதற்குத்தான் போனது. நான் செருப்பைத் தேய்த்து நிறுத்திப் பள்ளிக்கூடம் போய்வந்தேன். கேட்டால், "ஊரே உன்ன பைலட்டு பொண்ணுன்னு சொல்லப்போவுது, ரெண்டு நாளு பொறுத்துக்க மாட்டியா?" என்பார்.

அதைவிடப் பெரிய பேஜார் அந்த இறக்கைதான். இரண்டையும் சேர்த்து, நடுவில் கயிறு கட்டி, கூடத்து உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். தராசு மாதிரி ஒரு பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும். காற்று படக்கூடாது. அதனால் ஜன்னல் சாத்தி, ஃபேன் நிறுத்தி, அக்னி நட்சத்திரத்தில் நாங்கள் வெந்துகொண்டிருப்போம். அம்மா ஸ்டூல்மேல் ஏறி, அவர் சொல்கிற இடத்தில் வெள்ளி டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டுவாள். "ஈ குந்துனாகூட சாயும், மூச்ச புடி. நுனியில ஒரு பாக்கு எடை கூடிச்சின்னா போச்சு. வண்டி உதறிப்பூடும், தரைய வுட்டு கெளம்பவே கெளம்பாது." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளித்துவிட்டது.

அம்மா மட்டும் வேறு ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். "மேல போயி வுழுந்தா நாங்க இன்னாய்யா பண்ணுவோம்?"

"பயந்தா வூட்லயே குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்" என்பார் நைனா.

கெஞ்சினாள், அழுதாள், பேசாமல் இருந்து பார்த்தாள். ஊஹூம். ராத்திரியில் நான் எப்போது புரண்டு படுத்தாலும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் தெருவில் புது வண்டி எடுத்தால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டுவார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். நைனா பைக் வாங்கியபோது பக்கத்து வீட்டு அத்தை ஆசையாகக் கட்ட வந்தாள். "எங்களுக்கு ஜெபம் போதும் அண்ணி, பழம் ஊறுகாய்க்கு ஆவும்" என்று அம்மா வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

ஏரி வற்றிக் காய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை உள்ளே இறக்கினார்கள். ஊர்ஜனம் மொத்தமும் கரைமேல். நைனா ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அம்மா வந்து, "ஜெபம் பண்ணிட்டுதான் எடுக்கணும். கண்ண மூடுங்க" என்றாள். நானும் மூடினேன்.

அப்பப்பா, என்ன ஜெபம்! நோவாவின் பேழையில் ஆரம்பித்து எங்கள் வீட்டு ஆடு வரைக்கும் வந்தது. குரல் முன்னாலிருந்து மெல்லப் பின்பக்கம் போனது. இறக்கையின் ஒரு நுனி அங்கேதான் கைக்கு எட்டுகிற மாதிரித் தாழ்ந்திருந்தது. "ஆமென் சொல்லுடி, வெயில் ஏறுது" என்று நைனா கத்திய பிறகுதான் ஆமென் வந்தது.

எஞ்சின் உறுமியது. ஸ்விட்சைத் தட்டியதும் ஒரு சின்ன மோட்டார் தொடக்கத்துக்கு மட்டும் இறக்கையைச் சுற்றிவிட்டது. வண்டி ஓடியது. இறக்கை வேகம் பிடித்ததுதான் தாமதம், வண்டிக்குக் குளிர்ஜுரம் கண்டுவிட்டது. கையில் பிடித்திருந்த கம்பி நைனாவின் தொடையை மாறி மாறி அடித்தது. எஞ்சினை நிறுத்துவதற்குள் வண்டி ஒருபக்கம் சாய்ந்து, இறக்கை மண்ணில் அடித்து மடங்கிப்போனது. நைனா நொண்டிக்கொண்டே இறங்கினார்.

இறக்கை நுனியில் வெள்ளி டேப் சுற்றி அரை எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மிளகாய்.

"அறிவு கீதாடி உனக்கு? எத்தினி வாட்டி சொன்னேன்!"

"திருஷ்டி படக்கூடாதேன்னு கட்டினேன். எனக்கு இன்னா தெரியும்?" என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கரையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. எல்லாம் காயலான் கடைக்குப் போகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஜன்னலையெல்லாம் திறந்தாள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். வெறுந்தரையில் படுத்தவள் குறட்டைவிட்டுத் தூங்கினாள். நைனா தொடைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு திட்டிக்கொண்டே இருந்தார், அவள் அசையவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைப் பண்ணிவிட்டு ஒருத்தியால் எப்படி இவ்வளவு நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.