எர்த் குழிக்கு மேல் ஒரு கேன்டீன்

“பிளஸ் டூ முடிச்சாச்சு. அடுத்து என்ன பண்ணப் போறே?”

போன வருடம் மே மாதம் முழுக்க இதை என்னிடம் கேட்காதவர் எங்கள் தெருவில் இல்லை. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஐ.டி.ஐ. விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில்தான் திலகவதி என்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அங்கே இருப்பவர்கள் சொன்னதையும் அவரே சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நெடுங்கொல்லைக்குச் சாலை பிரிகிற விலக்கில் இருக்கும் அந்தத் தொழிற்பயிற்சி நிலையம் 1998-இல் கறம்பக்குடி சந்தைக்குப் பின்னால் ஒரு கடலைக் குடோனில் தொடங்கியது. ஃபிட்டர் பிரிவு ஒன்றுதான். பதினாறு பையன்கள். அவர்கள் அரத்தால் இரும்பை ராவ ராவ, குடோன் மூலைகளில் கிடந்த கடலைத் தோல் பறந்து வந்து தலையில் ஒட்டும். அதனால் ஊரில் அதற்குக் ‘கடலை காலேஜ்’ என்று பெயர் வந்தது. மூன்று வருடம் கழித்து விலக்குப் பக்கம் ஆறு ஏக்கர் செம்மண் மேடு கிடைத்துச் சொந்தக் கட்டடம் எழும்பியது; பின்னால் மின்வேலை கற்றுத்தரும் ஒயர்மேன் பிரிவும் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் ‘கடலை காலேஜ் எறங்கு’ என்றுதான் நடத்துநர் கத்துகிறார்.

அந்த மேட்டில் அஸ்திவாரம் தோண்டியபோது கலவைச் சட்டி தூக்க வந்த பெண்களில் ஒருவர் திலகவதி. எட்டாவது வரை படித்தவர். வயது பத்தொன்பது. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. கணவர் உதயசூரியன் அதே வேலையில் செங்கல் ஏற்றி வரும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒர்க்‌ஷாப் சுவர் இடுப்பளவு வந்த சமயம். கட்டடத்துக்கு மேற்கே எட்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினார்கள். நடுவில் ஓர் இரும்புக் குழாயை நட்டுவிட்டு, சுற்றிலும் ஒரு வரிசை அடுப்புக்கரி, ஒரு வரிசை கல்லுப்பு என்று மாற்றி மாற்றிக் கொட்டச் சொன்னார் மேஸ்திரி. உப்பு மூட்டைகள் மணமேல்குடிப் பக்கமிருந்து வந்திருந்தன.

“என்னங்க மேஸ்திரி, ஊறுகா போடுறீங்களா?” என்று கேட்டார் திலகவதி.

“ஆமாத்தா, கரண்டுக்கு! வாயடிக்காம கொட்டு.”

அது எர்த் குழி. இயந்திரத்தில் மின்கசிவு ஏற்பட்டால், அது ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறங்கிப் போவதற்கான வழி. அன்றைக்கு அது திலகவதிக்குத் தெரியாது. பதினெட்டு நடை கரியும் உப்பும் சுமந்தார். அது மட்டும் நினைவில் நின்றது.

கட்டடம் முடிந்து மற்றவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். திலகவதி போகவில்லை. மகள் காவ்யா பிறந்து கொஞ்சம் நடக்க ஆரம்பித்ததும், ஒர்க்‌ஷாப்பின் மேற்குச் சுவரை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டு டீயும் வடையும் விற்றார். பிறகு சாப்பாடு. கொட்டகை ஓடாகி, ஓடு தளமாகி, 'கேன்டீன்' என்று பலகையும் ஏறியது. பாத்திரம் கழுவுகிற இடம் பின்பக்கம். கழுவிய தண்ணீர் அப்படியே மண்ணில் ஓடி, சேற்றில் புதைந்துபோன அந்த எர்த் குழி மூடிக்கு மேல் தேங்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை பறந்து போய்ப் பக்கத்துத் தைலமரக் காட்டில் கிடந்தது. கேன்டீன் சுவரும் சாய்ந்தது. நாற்பது நாள் மின்சாரம் இல்லை. கம்பம் நட வேறு மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்களுக்கு, விறகடுப்பு மூட்டித் திலகவதிதான் சமைத்துப் போட்டார். சோறு பரிமாறும்போதே கேள்வி கேட்பார். இந்தக் கம்பி எதுக்கு, அதை ஏன் மண்ணுக்குள்ள விடுறீங்க, மூணு கம்பி ஏன், நாலு ஏன்?

ஒரு லைன்மேன் சாம்பாரைக் கையில் வழிய விட்டுக்கொண்டே சொன்னார்: “அக்கா, கொஞ்சம் ரசம் ஊத்துங்க. கேள்விய அங்கிட்டு ஒயர்மேன் கிளாஸ்ல போய்க் கேளுங்க. பத்தடி தூரந்தான இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அந்தப் பத்தடியைக் கடக்க அவருக்கு ஐந்து வருடம் ஆனது.

2023-இல் காவ்யா நர்சிங் படிக்கத் திருச்சி போய்விட்டாள். அந்த ஜூன் மாதம் சேர்க்கை அறிவிப்பைக் கேன்டீன் சுவரில் ஒட்டச் சொல்லி அலுவலகத்திலிருந்து கொடுத்தார்கள். பசை தடவும்போது படித்தார். ஒயர்மேன், இரண்டு வருடம், எட்டாம் வகுப்பு தேர்ச்சி போதும். பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. ஒட்டி முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் படித்தார்.

நிலையத்தின் முதல்வர் சொர்ணவல்லி, திலகவதி அறைக்குள் வந்ததைப் பார்த்து, “என்ன திலகவதி, சாம்பார் பொடி கேட்டனே, கொண்டாந்தீங்களா?” என்றார்.

“அது நாளைக்குங்க மேடம். இப்ப விண்ணப்பம் ஒண்ணு வேணும்.”

“யாருக்கு? காவ்யாதான் நர்சிங் போயிருச்சே.”

“எனக்குங்க.”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரூல்ல தடை இல்ல. ஆனா கேன்டீன்?”

“விடியுமுன்ன சமைச்சு வச்சுருவேன். பரிமாற எங்க நாத்தனா ராக்காயி வரும்.”

“பாடம் நடக்கயில யாராவது வந்து டீ கேட்டா?”

“பாடம் நடக்கயில டீ குடிக்க வந்தா நீங்கதான மேடம் திட்டுவீங்க!”

வீட்டில் உதயசூரியன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “படி, வேணாங்கல. நம்ம வயல் மோட்டார்ல மட்டும் படிச்சுப் பாக்காதே. நெல்லுக்குத் தண்ணி போகணும்.”

பாடம் நடத்துகிற ஜஸ்டின் அதே நிலையத்தில் படித்து, அதே கேன்டீனில் தயிர்சாதம் தின்று வளர்ந்தவர். அவருக்குத்தான் சங்கடம். வகுப்பில் ‘திலகவதி’ என்று பெயர் கூப்பிடுவார். பதினொரு மணிக்கு ‘அக்கா, ரெண்டு வடை’ என்பார். திலகவதியும் வகுப்பில் ‘சார்’ என்பார். கேன்டீனில் ‘கைய கழுவிட்டு எடு தம்பி’ என்பார். இருபது பேர் வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அவருடைய மகளைவிடச் சின்னவர்கள்.

“அக்கா, நீங்க முன்னாடி ஒக்காந்தா எங்களுக்கு போர்டு தெரியல” என்றான் தமிழ்செல்வன் என்கிற மாணவன்.

“தெரிஞ்சா மட்டும் எழுதிக் கிழிச்சுருவியாக்கும்.”

2024 ஜனவரியில் வெள்ளி விழா. பழைய மாணவர்கள் சேர்ந்து வளாகத் தரை முழுக்கப் பேவர் கல் பதித்துக் கொடுத்தார்கள். கேன்டீன் பின்பக்கம் சேறும் கொசுவுமாக இருக்கிறது என்று முதல்வர் முன்பே பலமுறை கோபப்பட்டிருந்தார். அதனால் அங்கேயும் கல் பதித்து, கழுவும் தண்ணீர் வெளியே போகக் குழாய் போட்டார்கள். விழா மலரில் வளாகத்தின் வரலாறு நான்கு பக்கம் வந்தது. எந்தக் கட்டடம் எந்த வருடம் என்று எல்லாம் இருந்தது. மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் எழுதவில்லை.

மே மாதம் டிரில்லிங் மெஷினைத் தொட்ட தமிழ்செல்வன் ‘ஆ’ என்று கையை உதறினான். லேசான ஷாக்தான். ஜஸ்டின் எர்த் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். ஐந்து ஓமுக்குக் கீழே இருக்க வேண்டிய மின்தடை பதினான்கு காட்டியது. மெயினை அணைத்துவிட்டு நேராக முதல்வர் அறைக்குப் போனார்.

அது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை ஒயர்மேன் பிரிவுக்கான அனுமதியைப் புதுப்பிக்க ஆய்வுக் குழு வருகிறது. எர்த் சரியில்லை என்றால் அனுமதி கிடையாது. கிடைக்காவிட்டால் மாணவர்களைப் புதுக்கோட்டைக்கு மாற்றிவிடுவார்கள். பையன்கள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். கேன்டீனை விட்டுவிட்டுத் தினமும் போய்வர திலகவதியால் முடியாது. அவருடைய படிப்பு அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும்.

பழைய குழி எங்கே என்று ஜஸ்டினுக்குத் தெரியவில்லை; மாணவர்களிடம் அதைக் கேட்கவும் தோன்றவில்லை. அலுவலகத்தில் வரைபடம் எதுவும் இல்லை. சுவருக்குள் போகிற எர்த் கம்பி தரைக்குக் கீழே மேற்குப் பக்கமாகப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது. புதுக் குழி வெட்டலாம் என்று கிழக்குப் பக்கம் ஆட்களை விட்டார். நாலடியில் செம்பாறை. கடப்பாரை போட்டால் பொறிதான் பறந்தது. செவ்வாய்க்கிழமையும் போய்விட்டது.

புதன்கிழமை காலை வெங்காயம் அரிந்துகொண்டே பாடப் புத்தகத்தை முன்னால் விரித்து வைத்திருந்தார் திலகவதி. எர்த் குழியைச் சுற்றி எப்போதும் ஈரம் இருக்க வேண்டும், கோடையில் குழாய் வழியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், காய்ந்துவிட்டால் மின்தடை ஏறிவிடும் என்று அதில் இருந்தது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரிகள்தான். படித்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

இருபது வருடமாக அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? ஜனவரியில் நிறுத்தியது யார்?

உடனே எழுந்து போகவில்லை. விழாவுக்குப் போட்ட கல்லைப் பெயர்க்கச் சொல்ல வேண்டும். தப்பாகிவிட்டால் ஆய்வுக்கு இரண்டு நாள் முன்னால் வளாகமே அலங்கோலமாகும். ‘வடை சுடுறவளுக்கு எதுக்கு இந்த வேலை’ என்று யாராவது சொல்லிவிட்டால் அதைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று யோசித்தார். பிறகு ராக்காயியிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு முதல்வர் அறைக்கு நடந்தார். ஜஸ்டினும் அங்கேதான் இருந்தார்.

“சார், பழைய எர்த் குழி நான் பாத்திரம் கழுவுற எடத்துக்கு அடியில கெடக்கு.”

ஜஸ்டின் நிமிர்ந்தார். “கன்ஃபார்மா தெரியுமாக்கா?”

“கரியும் உப்பும் சொமந்து கொட்டுனவ நான். பதினெட்டு நட.”

“கல்லப் பேத்துருங்க” என்றார் முதல்வர்.

கேன்டீன் சுவரிலிருந்து ஆறு காலடி வைத்து, இங்கே என்று காட்டினார் திலகவதி. கல்லைப் பெயர்த்தார்கள். மணல். அதற்குக் கீழே செம்மண். மூடி இல்லை. இன்னும் நாலு கல். அங்கேயும் இல்லை.

“அக்கா, ஊறுகா கெட்டுப் போச்சு போல” என்றான் தமிழ்செல்வன். மேஸ்திரியிடம் ஊறுகாயா என்று கேட்ட கதையைச் சற்றுமுன்தான் அவர் எல்லாருக்கும் சொல்லியிருந்தார்.

“சும்மா கெட!” என்றார். திரும்பிக் கேன்டீன் சுவரைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கஜாவில் சாய்ந்த கேன்டீன் சுவரைத் திரும்பக் கட்டியபோது மூன்றடி தள்ளிக் கட்டினார்கள். தள்ளிக் கட்டச் சொன்னதே அவர்தான், அடுப்புக்கு இடம் போதவில்லை என்று. ஒர்க்‌ஷாப் சுவர் மட்டும் அதே இடத்தில் இருந்தது. அதன் நாலாவது தூணிலிருந்து மறுபடி காலடி வைத்து அளந்தார். கடப்பாரை சிமெண்டில் ‘டங்’ என்றது.

மூடியைத் தூக்கியதும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். குழாய் துருவேறி நின்றது. சுற்றியிருந்த மண் பொரிகடலை மாதிரி உதிர்ந்தது. ஜஸ்டின் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“வருஷா வருஷம் போர்டுல படம் போட்டு நடத்துறேன். கோடையில தண்ணி ஊத்தணும்னு பரீட்சையில கேள்வி வேற கேக்குறேன். நம்ம குழி மேல கல்லப் போட்டு மூடிட்டோமே!”

“மூடச் சொன்னது நானு” என்றார் முதல்வர். “சேறு சேறுன்னு இவங்களத் திட்டுனதும் நானு.”

“திட்டுனது நாயந்தான் மேடம். கொசு என்னயத்தான கடிச்சுச்சு.”

இருபது பேரும் வரிசையில் நின்று குடம் குடமாகக் கை மாற்றினார்கள். துருவைச் சுரண்டிக் கம்பியை இறுக்கி, புதிதாக உப்பும் போட்டார் ஜஸ்டின். சாயங்காலம் டெஸ்டர் ஒன்பது காட்டியது. வியாழன் காலை அது ஐந்தரை ஓமாக இறங்கியது. அன்று முழுக்கப் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் ராக்காயி வாளியில் பிடித்து அங்கேயே ஊற்றினார். வெள்ளி காலை நாலுக்குக் கீழே இறங்கியது.

குழுவில் வந்த இரண்டு அதிகாரிகளும் தாங்களே அளந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் மாணவர்கள் பக்கம் திரும்பி, “கோடையில எர்த் குழிய எப்படிப் பராமரிக்கணும்? யாராவது சொல்லுங்க” என்றார்.

பத்தொன்பது தலையும் ஒரே பக்கம் திரும்பின. திலகவதி எழுந்து நின்று சொன்னார். ஈரம் ஏன் வேண்டும், கரி எதற்கு, உப்பு எதற்கு என்று ஒவ்வொன்றாக.

“நல்லாச் சொல்றீங்க. எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?”

“படிச்சது இந்த வருஷங்க. செஞ்சது இருபது வருஷமா.”

அதிகாரிக்கு விளங்கவில்லை. ஜஸ்டின் விளக்கிச் சொல்ல, அவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார்.

இரண்டு வாரத்தில் அனுமதி வந்தது. கல் பெயர்த்த இடத்தில் குழிக்கு மூடி வெளியே தெரியும்படி கட்டி, கழுவும் தண்ணீரில் கொஞ்சம் மட்டும் அங்கே இறங்கும்படி ஒரு கிளைக்குழாய் விட்டார்கள். முதல்வர் ஒரு பெரிய சார்ட்டை மேசையில் விரித்து, “திலகவதி, இந்த வளாகத்துல மண்ணுக்குள்ள என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க” என்றார். மூன்று மதியம் அவர் சொல்லச் சொல்ல ஜஸ்டின் வரைந்தார். தண்ணீர்க் குழாய், செப்டிக் டேங்க், கேபிள், தூர்த்த கிணறு எல்லாம் அதில் இருக்கின்றன. இப்போது அது அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது.

போன ஆகஸ்டில் திலகவதிக்குச் சான்றிதழ் வந்தது. காவ்யா விடுமுறையில் வந்து அதை வாங்கிப் படித்துவிட்டு, “அம்மா, என்னயவிட ஒனக்கு மார்க்கு கூட” என்றாள். உதயசூரியன் மறுநாளே வயல் மோட்டாரின் ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். இப்போது காலையில் கேன்டீன், மதியத்துக்கு மேல் சுற்று வட்டாரத்தில் ஒயரிங் வேலை. வீட்டில் ஆண்கள் இல்லாத பெண்கள் அவரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் தெருவிலும் எட்டாவதோடு நின்றுபோன அக்காவோ அத்தையோ சித்தியோ ஒருவர் இருப்பார். சேர்க்கை நடக்கிற மாதம் வருவதற்குள் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு வேண்டாம் என்றால், வேறு யாருக்காவது சொல்லச் சொல்லுங்கள்.