பனிச்சங்காய்ச் சாயம்

எங்கள் அப்பா யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. வாய்க்கால் தண்ணீரை இன்ன நாளில் திறப்போம் என்று நீர்ப்பாசனக் கந்தோரில் சொன்னால் சரி, விதைப்பை இரண்டு கிழமை தள்ளிப் போடுங்கள் என்றாலும் சரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மாங்குளத்துக்கு உள்ளே குளத்துக்குக் கீழே கிடைத்த காணியில் குடியேறிய நாள் முதல் அவர் அப்படித்தான். "ஊர் ஓடினால் ஒத்து ஓடு" என்பது அவருக்கு வேதவாக்கு. "ஊரே பிழையான பக்கம் ஓடினால் என்ன செய்யிறது?" என்று அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்பார். அப்பா சிரிப்பார். அது எங்கள் வீட்டுப் பகிடியாக இருந்தது.

குண்டு போடும் பொம்பர் விமானங்கள் வரத் தொடங்கிய பிறகு அம்மா வெள்ளை உடுப்புகளை வெளிக் கொடியில் போடுவதை விட்டுவிட்டார். குசினிக்குள் புகையில்தான் காய்ந்தன. ஒருநாள் நானும் தங்கச்சியும் பள்ளிக்கூடம் விட்டு வயல் வரம்பால் வருவதை வேலியடியில் நின்று பார்த்துவிட்டு, "பச்சைக்குள்ள கொக்கு நிக்கிற மாதிரி அரைக் கட்டைத் தூரத்துக்கு அங்கால இருந்தே தெரியுதுகள்" என்றார். கொக்கிளாய்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் காணியில் கொட்டில் போட்டிருந்த அக்கா பக்கத்தில் நின்றார். "எங்கட ஆக்கள் முந்திப் பருத்தி வலைக்குப் பனிச்சங்காய்ச் சாயம் போடுறவை. மண் நிறத்துக்கு வந்திடும். எத்தினை தரம் தோய்ச்சாலும் போகாது" என்று அவர்தான் வழி சொன்னார்.

ஆற்றங்கரை மரத்தில் காய் பிடுங்கி வந்து, உரலில் இடித்து ஊறவைத்து, எங்கள் இரண்டு பேரின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைகளையும் அம்மா அதற்குள் அமுக்கினார். காய்ந்த சேற்று நிறத்தில் வெளியே வந்தன. இனி ஊத்தை பிரளுமே என்ற கவலை இல்லை என்று எனக்குச் சந்தோசம். தங்கச்சி அழுதாள். அவள் நீலம் போட்ட வெள்ளையில் ஒரு சுருக்கமும் இல்லாமல் போகிறவள். ரீச்சர் ஒரு கோடு போடச் சொன்னால் அடிமட்டம் வைத்து இரண்டு போட்டுக் காட்டுவாள்.

பள்ளிக்கூட அதிபர் எங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். மறுநாள் அம்மாவும் கூட வந்தார்.

"சேர், மேலால வாறவனுக்கு வெள்ளை தெரியுமெல்லோ."

அதிபர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடக் கட்டடம் முழுக்க இடம்பெயர்ந்த சனம் இருந்ததால், கரும்பலகையைத் தன் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்து ஓலைக் கொட்டிலில் படிப்பித்த மனிதர். "சண்டையெண்டு ஒவ்வொண்டாய் விட்டுக்கொண்டு போனால் கடைசியில எங்களிட்ட என்னம்மா மிஞ்சும்? உங்கட பிள்ளையளுக்கு விட்டால் பிறகு எல்லாரும் கேப்பினம்" என்றார்.

"எல்லாரும் கேட்டால் நல்லதுதானே, சேர்."

அங்கே நின்ற மற்றத் தாய்மார் நிலத்தைப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது அவர்களில் இரண்டு பேர் பின்னால் ஓடிவந்து, "நீங்கள் சொன்னது சரிதான் அக்கா" என்று மெல்லச் சொன்னார்கள். அதிபர் மேல் இருந்த கோபம் எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. இவர்கள் மேல் இன்னும் ஆறவில்லை.

அப்பா ஒரு மூட்டை நெல்லைக் கொடுத்து, எங்கிருந்தோ வெள்ளைத் துணி வாங்கி வந்தார். "அதிபர் சொன்னால் சொன்னதுதான். சொல்லுறதைச் செய்தால் ஒருத்தரும் எங்களை ஒண்டும் சொல்லேலாது" என்றார். அம்மா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. ஆனாலும் கையாலேயே இரண்டு சட்டை தைத்தார். சாயம் போட்டவற்றைக் கிழித்து அடுப்படித் துணியாக்கினார். தங்கச்சி புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். அதைப் பார்த்து அம்மாவும் கொஞ்சம் சிரித்தார்.

அன்றைக்கு எனக்கு மலேரியாக் காய்ச்சல். சாக்குக் கட்டிலில் நடுங்கிக்கொண்டு கிடந்தபோதுதான் பொம்பரின் இரைச்சல் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரம்பில் வந்துகொண்டிருந்த நேரம். மற்றவர்கள் வாய்க்கால் கரை மரங்களுக்குக் கீழே ஓடியிருக்கிறார்கள். சத்தம் கேட்டால் ஓடாதே, நின்ற இடத்திலேயே குப்புறப் படு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தங்கச்சி படுத்தாள். இடுப்பளவு கூட வளராத பச்சை நெல்லுக்குள், வெள்ளைச் சட்டையோடு, சொன்னது சொன்னபடி படுத்தாள்.

மேலே இருந்தவனுக்கு அந்த வெள்ளை தெரிந்ததா, அவன் குண்டைக் கண்டபடி போட்டுவிட்டுப் போனானா என்று யாருக்கும் தெரியாது. வெள்ளையால்தான் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அப்பா அடுத்த நாளே செத்திருப்பார்.

செத்தவீட்டுக்கு அதிபர் வந்து பந்தலின் ஓரத்தில் குந்தியிருந்தார். பிறகு எழுந்து போனார். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு, பிள்ளைகள் இனிக் கலர் உடுப்பில் வரலாம் என்று அறிவித்தார். அடுத்த நாள் காலை எங்கள் வேலிப் படலையைத் தாண்டிப் போன பிள்ளைகளில் ஒன்றுகூட வெள்ளையில் இல்லை. கரும்பச்சை, மண்ணிறம், தகப்பனின் பழைய சாரத்தில் வெட்டித் தைத்தது. ஒரு இரவுக்குள் தைத்தவை அல்ல அவை. எல்லா வீட்டிலும் முன்பே ஆயத்தமாக இருந்திருக்கின்றன. யாராவது சொல்லட்டும் என்று பெட்டிக்குள் காத்திருந்திருக்கின்றன. அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பிள்ளை போகும்வரை பார்த்தார்.

அன்று பின்னேரம் அப்பா சைக்கிளில் ஒரு சாக்கோடு வந்தார். அதை அம்மாவுக்கு முன்னால் இறக்கி வைத்தார். உள்ளே பனிச்சங்காய்.

"இஞ்சரும், மூத்தவளின்ர சட்டையை இதில ஊறப் போடும். கலர் உடுக்கலாமெண்டு அதிபர் சொல்லிப்போட்டார்."

அம்மா சாக்கைக் கொட்டினார். உரலைக் கழுவினார். உலக்கையை எடுத்துக்கொண்டு, அப்பாவைப் பாராமலே சொன்னார்.

"நானும் சொன்னனான்."