கதவு டாக்டர் வீடியோவுக்கு வந்த வரலாறு

என் அக்கா ஒரு டாக்டர். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார நேர்ந்த எல்லோருக்கும் இது தெரியும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கதவு டாக்டர் என்று பெயர். நோயாளி கதவைத் திறந்து நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் அவள் பாதி பார்த்து முடித்திருப்பாள். கதவை எந்தக் கையால் தள்ளுகிறார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாரா, உட்காரும்போது தொடையில் கை ஊன்றுகிறாரா என்றெல்லாம் கவனித்த பிறகுதான் "என்ன செய்யுது?" என்று கேட்பாள். இதற்காகவே நாற்காலியை எதிர்ச் சுவரோரம் தள்ளிப் போட்டிருக்கிறாள். மூட்டுவலிக்காரர்கள் அவளைத் திட்டிக்கொண்டே நடந்து வருவார்கள். திட்டுவதற்கு மூச்சு போதுமானதாக இருக்கிறதா என்பதையும் அவள் பார்த்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளிடம்தான், இனிமேல் நோயாளிகளை வீடியோவிலும் பார்க்க வேண்டும் என்றது நிர்வாகம். டாக்டர்களின் விருப்பத்தை அறிய ஒரு கூட்டம் போட்டார்கள். விருப்பம் வருவதற்காக பிஸ்கட்டும் வைத்தார்கள். தோல் டாக்டர் முதல் ஆளாகக் கை தூக்கினார்; தொடாமல் பார்ப்பதில் அவருக்கு நீண்ட அனுபவம். எல்லோரும் செய்தால் தானும் செய்வதாக எலும்பு டாக்டர் சொன்னார். அந்த எல்லோரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க என்ன சொல்றீங்க மேடம்?" என்றார் நிர்வாகி.

"ஸ்கிரீன்ல எல்லாரும் ஏற்கெனவே உட்கார்ந்துட்டுத்தான் வர்றாங்க. மார்பளவு படத்தைப் பார்த்து பாஸ்போர்ட் குடுக்கலாம். மருந்து குடுக்க முடியாது."

இருந்தாலும் ஒருநாள் முயன்று பார்க்கச் சொன்னார்கள். தொண்டை வலியோடு ஒரு டீச்சர் திரையில் வந்தார். வாயைத் திறக்கச் சொன்ன அக்கா, பழக்கதோஷத்தில் டார்ச்சை எடுத்து ஸ்கிரீனில் அடித்தாள். அதில் அவளுடைய மூக்குதான் ஜொலித்தது. "இன்னும் நல்லாத் திறங்க, இருட்டா இருக்கு" என்றாள். டீச்சரும் வெளிச்சம் எப்படியும் தன் தொண்டைக்கு வந்து சேரும் என்று நம்பி, ஆவென்று காத்திருந்தார். நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று அக்கா அன்றே சபதம் எடுத்தாள்.

சபதத்தைக் கெடுத்தவர் கண்டக்டர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ரத்த அழுத்தத்துக்காக வெகுகாலமாக அக்காவிடம் வருபவர். சமீபத்தில் தொலைவில் உள்ள மகன் வீட்டோடு போய்விட்டார். நடந்ததை அவரே பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருவதால், நானும் சொல்லலாம்.

அவருடைய மருமகள்தான் போன் செய்தாள். "டாக்டரம்மா, மாமா ஒரு மாதிரியா இருக்கார். எந்நேரமும் தூக்கம். இங்க எந்த டாக்டர்கிட்டயும் வர மாட்டேங்கிறார். காட்டினா உங்ககிட்டதான் காட்டுவாராம்."

"கூட்டிட்டு வாம்மா."

"வாசல் வரைக்கும் வர்றதே பெரும்பாடா இருக்கு. அவ்வளவு தூரம் எப்படி?"

தான் வீராப்பாக இருந்தால், அந்த மனிதர் யாரிடமும் காட்டாமல் தூங்கிக்கொண்டே இருப்பார் என்று அக்காவுக்குப் புரிந்தது. "சரி, வீடியோவுல வா" என்றாள். நர்ஸ் முன்ஜாக்கிரதையாக டார்ச்சை எடுத்து ஒளித்துவைத்தாள்.

திரையில் கண்டக்டர் சோபாவில் இருந்தார். மார்பளவு.

"ஏம்மா, போனை டிவி ஸ்டாண்டு மேல வை. மாமா வெளிய போய், கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வரட்டும்."

"என் வீட்டுக்குள்ள வர்றதுக்கு எனக்கே பரீட்சையா?" என்றார் கண்டக்டர்.

"எத்தனை பேரை ஏத்தி இறக்கியிருக்கீங்க. ஒரு தடவை நீங்க இறங்கி ஏறுங்களேன்."

முதல் தடவை அவருடைய தொப்பை மட்டும் உள்ளே வந்தது. மருமகள் போனைச் சரிசெய்தாள். இரண்டாம் தடவை முழு ஆளும் வந்தார். வலது செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு வந்து, மிதியடியின் ஓரத்தில் தட்டியது. இடது கை வீசி நடந்தது. வலது கை சும்மா தொங்கியது.

"கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கை மேல பார்த்தபடி இருக்கட்டும்."

இடது கை நின்றது. வலது கை, அவருக்கே தெரியாமல், மெல்லப் புரண்டு கீழே இறங்கியது.

"எப்ப விழுந்தீங்க?"

"யார் விழுந்தா?"

"போன மாசம் பாத்ரூம்ல வழுக்கித் தலையில இடிச்சுக்கிட்டார் டாக்டரம்மா. வீக்கம்கூட இல்லையேன்னு விட்டுட்டோம்."

"இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. தலைக்கு ஸ்கேன் எடுக்கணும். நான் அங்க பேசிடறேன். கண்டக்டர், நான் விசில் ஊதியாச்சு. மறுபேச்சு பேசாம ஏறுங்க."

மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் கட்டி, மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கிருந்த சர்ஜன் துளைபோட்டு அதை வெளியேற்றினார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டம் மேடம். நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"இல்லை டாக்டர். டிவி ஸ்டாண்டுலேர்ந்து."

இப்போது எலும்பு டாக்டரும் தன் நோயாளிகளை வீட்டை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வரச் சொல்கிறாராம். தானே கண்டுபிடித்த முறை என்கிறாராம். அக்கா மறுக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் மறுத்துக்கொண்டிருக்கிறேன்.

தையல் பிரித்த பிறகு கண்டக்டர் மீண்டும் திரையில் வந்தார்.

"என்னைக் கேட்காமலே தலையை வழிச்சுட்டாங்க டாக்டரம்மா."

"அழகாத்தான் இருக்கு. கண்ணை மூடிக் கையை நீட்டுங்க."

நீட்டினார். இரண்டு கைகளும் ஒரே மட்டத்தில் நின்றன. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போதுமா டாக்டரம்மா? கை கடுக்குது."

"கொஞ்சம் அப்படியே இருங்க கண்டக்டர். நான் இன்னும் பார்த்து முடிக்கல."