பெயர் வைக்காத வகுப்பு

போன கிழமை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது ஒரு அழைப்பு வந்தது. மிகவும் மரியாதையான இளங்குரல். "மேடம், கடுமையான நடத்தைப் பிரச்சினை இருக்கிற மாணவர்களுக்கு மாற்றுக் கல்வித் திட்டம் ஒண்டு தயாரிக்கப்போறம். உங்கட அனுபவம் தேவை. நிலாவெளியில ஒரு ஹோட்டலில பட்டறை. வாகனம் அனுப்புறம்." நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு லிங்கநகரில் வீட்டோடு ரியூசன் கொடுக்கிறவள். வாகனம் அனுப்புகிறோம் என்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? சேலையில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

குளிரூட்டிய அறை, சுவரில் பெரிய திரை, திரையில் அம்புக்குறிகள். தேநீர் நேரத்துக்கு ரோல்ஸ் வந்தது. பொரித்த ரஸ்க் தூளின் மணம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பசி வரவில்லை, கோபம் வந்தது. ரோல்ஸ் உங்களுக்கு என்ன பாவம் செய்தது என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. இப்படி ரோல்ஸ் தின்றுகொண்டே ஒரு நல்ல வகுப்பை அழித்தவர்களோடு நான் ஒரே மேசையில் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சண்டை முடிந்து, திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குள் வந்த காலம் அது. துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆலோசனை ஆசிரியையாக எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று எனக்கும் தெரியாது, பள்ளிக்கூட அதிபருக்கும் தெரியாது. ஆகவே மற்ற ஆசிரியர்களால் சமாளிக்க ஏலாத பிள்ளைகளையெல்லாம் என் தலையில் கட்டினார். அவர் கெட்ட மனிதர் அல்ல, சத்தத்துக்குப் பயந்தவர். வகுப்பில் வைத்திருக்கவும் முடியாமல், விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்பவும் மனமில்லாமல் இருந்தவருக்கு நான் வசதியாகப் போய்விட்டேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சுகந்தி. சல்லிக் கிராமத்தில் கடற்றொழில் செய்கிற குடும்பம், பத்தாம் வகுப்பு. நான் இப்போது அவளைத் தங்கமான பிள்ளை என்று சொல்லப்போவதில்லை. மாணவத் தலைவி ஒருத்தியின் நெற்றியைச் சாப்பாட்டுப் பெட்டியால் உடைத்துத் தையல் போட வைத்தவள். கடிப்பாள். அவள் வாயிலிருந்து வரும் தூஷணத்தைக் கேட்டால் மீன் சந்தையே காதைப் பொத்தும். முதல் நாள் என்னை நோக்கி டஸ்டரை எறிந்தாள். நான் கட்டையாக இருந்தபடியால் அது தலைக்கு மேலால் போனது. என் உயரத்துக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்ன ஒரே நாள் அதுதான்.

பள்ளிக்கூடத்துக்குள் எங்களுக்கு இடமில்லை. பக்கத்துத் தேவாலயத்தின் பாதர், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி நடக்கும் மண்டபத்தின் பூட்டுத் திறப்பைக் கையில் தந்தார். "கதிரையை உடைச்சா நீங்கள்தான் திருத்தித் தரவேணும்" என்று மட்டும் சொன்னார். உள்ளே மெழுகுதிரி மணம். காற்றுத் திரும்பினால் துறைமுகத்து டீசல் மணம். அங்கே பாடத்திட்டம் என்று பெரிதாக எதுவும் இருக்கவில்லை. கணக்கு, தமிழ், கொஞ்சம் கதை. ஒரே ஒரு ஒழுங்கு இருந்தது: கோபம் வந்தால் எழும்பி வெளியே போகலாம், தேவாலய வளவைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பி வரலாம், ஏன் போனாய் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. சுகந்தி முதல் மாதம் வகுப்பில் இருந்ததைவிட வளவில் நடந்ததுதான் கூட. பிறகு பிறகு குறைந்தது.

இன்னொரு வழக்கம் இருந்தது. அதை நான் உண்டாக்கவில்லை, பிள்ளைகளே உண்டாக்கிக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளையும் போல வெள்ளைச் சீருடை போட்டு, ரை கட்டி, அதே பஸ்ஸில் வந்து, அதே தரிப்பிடத்தில் இறங்குவார்கள். பள்ளிக்கூட வாசல்வரை கூட்டத்தோடு நடந்து, கடைசியில் தேவாலய ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவார்கள். மத்தியானமும் அப்படியே கூட்டத்தில் கலந்து வீட்டுக்குப் போவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும்; ஆனால் பஸ்ஸில் வரும் சனத்துக்கோ, கரையில் வலை காயப்போடுகிறவர்களுக்கோ ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு இவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். நம் ஊரில் அந்த வெள்ளைச் சட்டைக்கு இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியாததா?

அதிபர் சுகந்திக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். வருசம் முடியும்வரை ஒருவருக்கும் கை நீட்டாமல் இருந்தால், தை மாதம் பதினோராம் வகுப்பில் இருத்துவேன், ஓ.எல். சோதனை எழுதலாம் என்று. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இரட்டைப் பின்னல், றிபன் எல்லாம் ஒழுங்காய் வந்தது. இருபடிச் சமன்பாட்டில் என்னையே ஒருமுறை திருத்தினாள். திருத்திவிட்டுச் சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

அப்போதுதான் திட்டம் வந்தது. எங்கள் வகுப்பைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டு, உதவி செய்கிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தது. வலயக் கல்விக் கந்தோரில் கூட்டம். எங்களுக்குத் தேவையாக இருந்தது ஒரு கரும்பலகையும் இன்னொரு ஆசிரியரும். கூட்டத்தில் கதைத்தது வகுப்புக்கு என்ன பெயர், என்ன சின்னம், பிள்ளைகளுக்கு என்ன நிறத்தில் ரீசேட். ரோல்ஸ் தட்டு இரண்டு முறை சுற்றி வந்தது. பிள்ளைகளின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. மஞ்சள் என்று முடிவானது. முதுகில் மூன்று மொழியிலும் 'நடத்தை மேம்பாட்டுத் திட்டம்'. ஆஸ்பத்திரியில்கூட நோயாளியின் முதுகில் நோயை எழுதி அனுப்புவதில்லை.

"சேர், பிள்ளையள் வெள்ளையிலயே வரட்டும்" என்றேன்.

"தனி அடையாளம் இருந்தாத்தான் ரீச்சர் பெருமை வரும்" என்றார் தலைமை வகித்த அதிகாரி. "நீங்கள் புதுசு. போகப்போக விளங்கும்."

இத்தனை வருசம் போய்விட்டது. இன்னும் விளங்கவில்லை.

சுகந்தி ரீசேட்டை விரித்துப் பார்த்தாள். "இதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில ஏற ஏலாது ரீச்சர். சல்லிச் சனம் வாசிக்கும்." நீ வெள்ளையில் வா, நான் கதைக்கிறேன் என்றேன். திறப்பு விழாவன்று அவள் வெள்ளையில்தான் வந்தாள், சட்டை மொடமொடவென்று. மண்டப வாசலில் திட்ட இணைப்பாளர் மறித்தார். விருந்தினர்கள் வருகிறார்கள், படம் எடுக்க வேண்டும், ரீசேட் இல்லாமல் விட ஏலாது.

"முதல்ல உள்ள விடுங்கோ. பிறகு கதைப்பம்" என்றேன்.

"கொஞ்ச நேரம்தானே ரீச்சர். போட்டுட்டுக் கழட்டட்டும்."

நான் சத்தம் போட்டேன். குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிபர் என் கையைப் பிடித்து, "சத்தம் வேண்டாம் ரீச்சர்" என்றார். சுகந்தி ஒருவருக்கும் கை நீட்டவில்லை. ரீசேட்டை மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் வழக்கம்போல வளவைச் சுற்றி நடந்துவிட்டு வருவாள் என்று நினைத்து நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்கேற்றினார்கள், பேசினார்கள், படம் எடுத்தார்கள். அவள் வரவில்லை.

அடுத்த கிழமை சல்லிக்குப் போனேன். தாய் என்னை உள்ளே கூப்பிட்டுப் பிளேன்ரீ தந்தாள். "மற்றப் பிள்ளையள் அந்த மஞ்சளோட பஸ்ஸில வந்ததுகள் ரீச்சர். ஊர்ச் சனம் உன்ர மகளும் உந்த வகுப்புத்தானே எண்டு கேட்டிட்டுதுகள். இனி அவள் வரமாட்டாள். மீன் வாடிக்குக் கருவாடு காயப்போடப் போறாள்." தாய் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாணவி தன் விருப்பப்படி இடைவிலகினார் என்று பதிவேட்டில் எழுதிச் சுகந்தியின் பெயரை வெட்டினார்கள். விருப்பப்படியாம். மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. பிள்ளைகளே இல்லாத திட்டம் தன் காலம் முடியும்வரை நடந்து, நிறைவு விழாவும் கண்டது. மிஞ்சிய ரீசேட்டுகளை யாரோ சந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். கனகாலம் எனக்குப் பாரை மீன் வெட்டித் தந்தவர் நடத்தை மேம்பாட்டுத் திட்டத்தில்தான் இருந்தார்.

நிலாவெளிப் பட்டறையில் என் கருத்தைக் கேட்டார்கள். "என்னவும் செய்யுங்கோ, அதுக்குப் பெயர் வைக்காதேங்கோ. பிள்ளையளுக்கு ஒண்டும் மாட்டிவிடாதேங்கோ" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். என்னைப் போனில் கூப்பிட்ட அந்தத் தம்பி மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த அம்புக்குறிக்குப் போனார்.

கொஞ்சக் காலத்துக்கு முன் குச்சவெளி பஸ்ஸில் சுகந்தியைக் கண்டேன். மடியில் பிள்ளை, காலடியில் கருவாட்டுப் பை. நான் மட்டுக்கட்டவில்லை, அவள்தான் என் முகத்தை மட்டுக்கட்டி "ரீச்சர்" என்று கூப்பிட்டாள். தள்ளி இருந்து இடம் தந்தாள். குடும்பக் கதை, கடல் கதை எல்லாம் கதைத்தோம். இறங்குவதற்குச் சற்று முன்னால், குறையாக இல்லாமல், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள். "ரீச்சர், இருந்திருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பன், என்ன?"

"ஓம்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கக்கூடாது. மேசையைச் சுற்றி இருந்து மஞ்சள் என்று முடிவெடுத்தவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? மண்டபத்தை இடித்துவிட்டார்கள். நிறுவனம் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. அதிபர் கனடாவில் மகனோடு இருக்கிறார். தலைமை வகித்தவர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுக் கொழும்புக்குப் போய்விட்டார். பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒருவரும் இந்த ஊரில் இல்லை. சுகந்தி மட்டும் இங்கேதான் இருக்கிறாள்.