மித்ரா செருப்பு மாட்டும் வரை

போன மாதம் என்னை ஒரு நாலு வயதுப் பெண் நிராகரித்துவிட்டாள்.

காரணம் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. நான் எழுதிய பாட்டு டிவியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்தாள். வாசலுக்குப் போனாள். தன்னுடைய ரோஸ் கலர் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டாள். "போலாமா?" என்று அவள் அம்மாவைக் கேட்டாள். அவ்வளவுதான்.

எத்தனை வருடமாக எழுதுகிறேன்… எத்தனை பத்திரிகைகளிலிருந்து என் கட்டுரைகள் திரும்பி வந்திருக்கின்றன. "இடமின்மையால்" என்பார்கள். "பிறகு பார்க்கலாம்" என்பார்கள். இவ்வளவு சுத்தமாக என்னை ஒருத்தரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது சிட்லபாக்கத்தில் ஒரு சின்ன அபார்ட்மென்ட். எங்களுக்கு மேல் வீட்டில் கவிதா. குரோம்பேட்டையில் ஒரு ஸ்கூலில் தமிழ் டீச்சராக இருந்தவர். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று நடத்தும்போது பாதி வகுப்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்குமாம். அதைச் சகிக்க முடியாமல் கம்ப்யூட்டரில் கார்ட்டூன் போடக் கற்றுக்கொண்டார். ஒருநாள் வேலையையும் விட்டுவிட்டு, 'இலக்கணத்தைப் பாட்டாக்கப் போகிறேன்' என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இங்கிலீஷில் இந்த மாதிரிப் பாட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்களுக்குத் தெரியும். நவுன் என்ன என்று ஒரு யானை பாடும். அட்ஜெக்டிவ் என்ன என்று ஒரு பூனை ஆடும். ஒரு தடவை காதில் விழுந்தால் போச்சு… ஒரு வாரத்துக்கு இறங்காது. தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் க்யூவில் நின்றுகொண்டு நானே ப்ரிபொசிஷன் பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். முன்னால் நின்ற காலேஜ் பையன் திரும்பிப் பார்த்துவிட்டு, அவனும் சேர்ந்து முணுமுணுக்க ஆரம்பித்தான். அவன் வீட்டில் ஒரு குட்டித் தங்கை இருக்கிறாளாம்.

தமிழில் ஏன் இது இல்லை? இருக்கிற ஒன்றிரண்டும் ஏன் பாடப்புத்தகத்துக்கு ஆர்மோனியம் வாசித்த மாதிரி இருக்கின்றன? – இதுதான் கவிதாவின் கேள்வி.

ஓஎம்ஆரில் ஒரு கல்வி ஆப் கம்பெனி. "ஒரே ஒரு பாட்டு செய்து காட்டுங்கள். நேரில் வந்து பார்க்கிறோம். பிடித்தால் முழு சீரிஸும் உங்களுக்கே" என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் ஒரு சம்பளம்தான். ஜூன் வரைக்கும் பார்ப்பது, ஒன்றும் நடக்காவிட்டால் பழைய ஸ்கூலிலேயே போய் மறுபடி கேட்பது என்று கவிதாவும் அவர் கணவரும் பேசி வைத்திருந்தார்கள். அதனால் இந்த ஒரு பாட்டு அவருக்குப் பாட்டு மட்டும் இல்லை.

"சார், படம் நான் போட்டுடுவேன். மெட்டும் ரெடி. வரிதான் வரமாட்டேங்குது. நீங்க எழுதித் தர்றீங்களா?" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வினைச்சொல்லுக்கு ஒரு பாட்டு… இதென்ன பிரமாதம்? அன்றைக்குச் சாயங்காலமே எழுதிவிட்டேன்.

செயலைச் செப்பும் சொல்லே வினைச்சொல்
செந்தமிழ்த் தாயின் சீர்மிகு நற்சொல்…

என் மனைவி ஜெயாவிடம் வாசித்துக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "நல்லாதாங்க இருக்கு. யாருக்கு, பட்டிமன்ற நடுவருக்கா?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கவிதா வேலை செய்யும் முறை தனி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அபார்ட்மென்டின் வாண்டுகள் நாலைந்து பேரை ஹாலுக்குக் கூப்பிடுவார். செருப்பெல்லாம் வாசலில். நடுவில் ஒரு தட்டு முறுக்கு. டிவியில் பாட்டைப் போடுவார். ஆனால் டிவியைப் பார்க்க மாட்டார். பிள்ளைகளைப் பார்ப்பார். எந்த வரியில் ஒரு பிள்ளை எழுந்து செருப்பைத் தேடுகிறதோ, அங்கே பாட்டை நிறுத்துவார். அந்த வரி அவுட்.

இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் செருப்பு டெஸ்ட்.

"நல்லா இருக்கான்னு கேட்டா எல்லாப் பிள்ளையும் ஆமான்னுதான் சார் சொல்லும். அம்மாங்க அப்படிச் சொல்லிக் குடுத்திருக்காங்க. வாயைப் பார்க்கக் கூடாது, காலைத்தான் பார்க்கணும்."

இந்த ஜூரியில் மிகக் கறாரான ஆள்தான் கீழ் வீட்டு மித்ரா. அவள் எந்த இடத்தில் எழுந்தாள் என்று கேட்கிறீர்களா? 'செப்பும்' என்ற சொல்லில்.

நான் விடவில்லை. "ஒரு குழந்தை எழுந்து போனதுக்காக வரியை மாத்தணுமா?" என்று கவிதாவிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"மித்ராவாவது எழுந்து நடந்து போறா சார். ஆப்புல பார்க்கற குழந்தை அதுகூடப் பண்ணாது. விரலால ஒரு தள்ளு தள்ளும். அடுத்த பாட்டு வந்துடும்" என்றார்.

அடுத்த வாரம், 'காலம் காட்டும் கண்ணாடி' என்று வினைச்சொல்லுக்கு ஒரு உவமையோடு போனேன். மித்ரா கூடுதலாக ரெண்டு வரி உட்கார்ந்தாள். முன்னேற்றம் என்று நான் பூரித்துக்கொண்டிருந்தபோது, கூட வந்திருந்த ஜெயா விளக்கம் கொடுத்தாள் – அந்த ரெண்டு வரியும் அவள் முறுக்கைத் தின்று முடிக்க ஆன நேரமாம்.

அதற்கடுத்த வாரம் எதுகை, மோனை, இயைபு எல்லாவற்றையும் கொட்டினேன். பலன் பூஜ்யம். மித்ரா மட்டும் இல்லை, மூன்று செருப்புகள் ஒரே நேரத்தில் கிளம்பின. போகிற போக்கில் ஒருத்தன், "தாத்தா, நீங்களும் விளையாட வர்றீங்களா?" என்று என்னைக் கேட்டான். பாட்டு போனதைவிட இந்தத் தாத்தா எனக்கு வலித்தது.

யோசித்துப் பாருங்கள். நாம் எத்தனை கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறோம். எத்தனை சொற்பொழிவு, எத்தனை பாராட்டு விழா… மனசு எப்போதோ செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிருக்கும். உடம்பு மட்டும் நாற்காலியில் இருக்கும். கடைசியில் கையும் தட்டுவோம். பேசியவர் தான் நன்றாகப் பேசியதாக நினைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்திலும் அதையே பேசுவார். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் நாகரிகம்.

"நீங்க குழந்தைகிட்டப் பேசவே இல்லையே. மேடையிலதானே பேசறீங்க" என்றாள் ஜெயா. "அதுங்க மாடிப்படியில எப்படிப் பேசுதுங்கன்னு போய்க் கேளுங்க."

போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். கையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, படிக்கிற மாதிரி. பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? வா. போ. குடு. தள்ளு. ஓடு. பிடி. நாள் முழுக்க ஒருத்தருக்கொருத்தர் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வினைச்சொல் அவர்களிடம்தான் மூட்டை மூட்டையாக இருக்கிறது… அதைத்தான் நான் செந்தமிழ்த் தாயை வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன்.

கவிதா பிறந்து வளர்ந்தது பள்ளிக்கரணை. அந்தச் சதுப்பு நிலத்தில் திரியும் நீலத் தாழைக்கோழியைத்தான் கார்ட்டூனாக வரைந்திருந்தார். நீல உடம்பு, சிவப்பு மூக்கு, குச்சிக் கால். பெயர் நீலு. ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து பாட்டை அடியோடு மாற்றினோம். விளக்கம் எல்லாவற்றையும் தூக்கினோம். 'நீலு நீலு, என்ன செய்யற?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். 'குதிக்கிறேன், நான் குதிக்கிறேன்' என்று நீலு சொல்லும். 'நீயும் வா…' என்று கூப்பிடும். ஒரு சின்ன இடைவெளி. 'குதி!' அப்புறம் ஓடு, ஆடு, தூங்கு. ஒவ்வொன்றுக்கும் பின்னால், 'இதுக்குப் பேர் வினைச்சொல்' என்று ஒரே வரி.

நான் எழுதியதில் கடைசியில் மிஞ்சியது எது? 'நீயும் வா.' அது மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஓடியது. மித்ரா எழுந்தாள். நான் வாசலில் கிடந்த ரோஸ் செருப்பைப் பார்த்தேன். ஆனால் அவள் வாசல் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலேயே குதித்தாள். எல்லாரும் குதித்தார்கள். என் வாசகர்கள் எழுந்து குதித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் குதித்தேன். முட்டி வலி ரெண்டு நாள் இருந்தது.

அடுத்து வந்தது நிஜமான பரீட்சை. கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார். காட்டன் புடவை, தோளில் லேப்டாப் பை, கையில் அடிக்கடி பார்க்கும் ஒரு வாட்ச். அங்கிருந்து காட்டாங்குளத்தூர் போக வேண்டுமாம். கவிதா காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஜெயா கொண்டுவந்த இட்லி மேஜையில் அப்படியே ஆறிக் கிடந்தது.

பாட்டு முழுக்க ஓடியது. பிள்ளைகள் ஆடினார்கள். மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பாட்டு நல்லா இருக்கு. குழந்தைங்க என்ஜாய் பண்றாங்க, சரி. ஆனா கத்துக்கறாங்களா? ஆடறதுக்குத்தான் ஆயிரம் பாட்டு இருக்கே. இதுல படிப்பு எங்க இருக்குன்னு எங்க ஆபீஸ்ல கேப்பாங்க" என்றார்.

நியாயமான கேள்வி. "இன்னொரு தடவை போடறேன் மேடம்… கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க" என்று கவிதா ரிமோட்டை எடுத்தார். நீலு வந்தது. 'என்ன செய்யற?' என்று கேட்டது பாட்டு. பட்டென்று கரண்ட் போய்விட்டது.

இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும். டிவி ஓடாது. பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தேன். வாட்ச்மேன் ஏழுமலை நிமிர்ந்து பார்த்தார். "டிரான்ஸ்பார்மராண்ட இன்னாவோ புஸ்ஸுன்னு பூட்ச்சு சார். ஆளு வந்துகினு கீறாங்களாம். ஒரு அவர் ஆவும்."

ஒரு அவரா? மேடம் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். "பரவால்ல, லிங்க் அனுப்பிடுங்க. ஆபீஸ்ல பேசிட்டுச் சொல்றேன்" என்றார்.

'பேசிட்டுச் சொல்றேன்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கவிதாவுக்கும் தெரியும். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஏதாவது செய்ய மாட்டோமா என்று இருந்தது. கரண்டை நான் எங்கே போய்க் கொண்டு வருவேன்?

அப்போதுதான் தரையிலிருந்து குரல் வந்தது.

"நீயும் வா…"

மித்ரா. டிவி அணைந்ததைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. பாட்டு பாதியில் நிற்கிறதே, முடிக்க வேண்டாமா?

"குதி" என்றாள். குதித்தார்கள். ஓடு என்றபோது ஓடினார்கள். ஆடினார்கள். தூங்கு என்றதும் பொத்பொத்தென்று தரையில் விழுந்தார்கள். பாட்டில் இருந்தது அவ்வளவுதான். முடிந்துவிட்டது. மேடம் மெல்லச் சிரித்துவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

"நீயும் வா… கடி" என்றாள் மித்ரா.

பாட்டில் இது இல்லையே? ஆளுக்கொரு முறுக்கை எடுத்துக் கடித்தார்கள். முறுக்கு கிடைக்காதவன் பக்கத்துப் பையனின் தோளைக் கடித்தான். "நீயும் வா… கிள்ளு" என்று கடிபட்டவன் கணக்கைத் தீர்த்தான். "நீயும் வா… ஒளிஞ்சுக்கோ" என்றது இன்னொன்று. மேடத்தின் புடவைக்குப் பின்னால் ரெண்டு பேர் புகுந்துகொண்டார்கள். அவரால் நகர முடியவில்லை.

மேடம் பையைக் கீழே வைத்தார். குனிந்து, பிள்ளைகளின் அதே ராகத்தில், "நீயும் வா… நாற்காலி" என்றார்.

ஒருத்தரும் அசையவில்லை. மித்ரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நாற்காலி எப்படிப் பண்றது?"

மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். புடவை கசங்குவதைப் பற்றி யோசிக்கவில்லை. வாட்சையும் பார்க்கவில்லை. "இதை வீடியோ எடுத்திருந்தா எங்க ஆபீஸ்ல யாரும் வாயே திறக்க மாட்டாங்க" என்றார். பிறகு கவிதாவைப் பார்த்து, "முழு சீரிஸும் நீங்களே பண்ணிடுங்க. அக்ரிமென்ட் அனுப்பச் சொல்றேன்" என்றார்.

கவிதா தலையாட்டினார். கணவருக்குச் சொல்லப் போனை எடுத்தார். எடுத்தவர் நம்பரை அழுத்தவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்து, கன்னத்தில் வழிய ஆரம்பித்தது. ஜெயா முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மித்ரா கவிதாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். எதையோ கண்டுபிடித்துவிட்டவள் போலத் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "நீயும் வா… அழு."

அத்தனை வாண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊவென்று ஒரே குரலில் அழ ஆரம்பித்தன. வாட்ச்மேன் ஏழுமலை பயந்துபோய் மாடிக்கு ஓடி வந்துவிட்டார்.

அப்புறம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் செய்த வினைச்சொல்லை மட்டும் யாரும் சொல்லித் தரவே இல்லை.