ஸ்தெய்னாருக்கான பெட்டி

கோதின் வாயை உதட்டருகே கொண்டுபோய் ஒருமுறை ஊதிவிட்டுத்தான் அரசரத்தினம் அதைத் தராசில் வைப்பார். உள்ளே தூசி கிடந்தால் நிறை பிசகுமாம். ஞாயிறு காலைகளில் அவருடைய எல்லிங்ஸ்ருட் வீட்டுச் சமையலறை மேசை முழுக்கச் சுட்டு முடித்த துவக்குத் தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள், வெயிலில் காயப்போட்ட வடகம்போலப் பரவிக் கிடக்கும். மனைவி உதயகுமாரி காலமான பிறகு அந்த மேசையில் யாரும் சாப்பிடுவதில்லை. அவர் அடுப்படியில் நின்றபடியே பாண் ரொட்டியைக் கடித்து முடித்துவிடுவார்.

சுட்ட கோதைக் கழுவி, புதிதாக வெடிமருந்தும் முனையில் சன்னமும் அடைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் வேலை. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே வார்ப்பு. ஆனால் ஒரு கம்பனியின் பித்தளை தடிப்பு, இன்னொன்றினுடையது மெல்லிசு. தடித்த கோதுக்குள் இடம் குறைவு. அதே அளவு மருந்தை அதற்குள் அடைத்தால் அமுக்கம் ஏறித் துவக்கே வெடிக்கலாம். அதனால் அடியில் பொறித்த எழுத்தைப் பார்த்து முதலில் பிரிப்பார், பிறகு நிறை பார்த்துப் பிரிப்பார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. “வெடிக்கேக்கை எங்கடை கன்னமெல்லோ துவக்கிலை கிடக்குது. மற்றவன் அடைச்சதை நான் சுடமாட்டன்.”

புலம்பெயர்ந்து வந்த தமிழர் மத்தியில் அவருடைய துவக்குக்கு நல்ல பெயர் இல்லை. பியோர்ண்டாலில் ஒரு பிள்ளை பெரியவளானதற்கு நடந்த சாமத்தியவீட்டில், கூடப் படித்த ஸ்ரீதரன் நாலு பேருக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: “நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம். நீர் காசு குடுத்து வாங்கி வீட்டிலை வைச்சிருக்கிறீர்.” அரசரத்தினம் பாயசக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்து, மெல்ல மெல்ல நின்றே போனார்கள். தூரத்துத் துரொண்ட்ஹெய்ம் நகரில் இருக்கும் மகள் நிலானியும் துவக்கை விற்றுப்போட்டுக் கோயிலுக்குப் போகும்படி தொலைபேசியில் சொல்வாள். ஓம் என்பார், போகமாட்டார்.

உள்ளதைச் சொன்னால் அவருக்குத் துவக்கில் பெரிய ஆசையில்லை. குறிபார்த்துச் சுடும் மைதானத்தில் பக்கத்தில் படுத்துச் சுடுகிற ஆளில்தான் ஆசை. அரசரத்தினம் துப்புரவு வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர் ஸ்தெய்னார். உதயகுமாரியின் செத்தவீடு முடிந்த வாரம் வாசலில் வந்து நின்று, ஆறுதல் ஒன்றும் சொல்லத் தெரியாமல், சனிக்கிழமை சுடும் இடத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். அன்று தொடங்கியது. இருவரும் சுடுவார்கள், கோப்பி குடிப்பார்கள், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அரசரத்தினம் மற்ற ஆறு நாளையும் ஓட்டிவிடுவார்.

இருவர் துவக்கும் ஒரே அளவு. எனவே மூன்று வருடமாக, இலையுதிர்காலத்து எல்க் மான் வேட்டைக்கு முன்பு ஸ்தெய்னாருக்கென்று ஒரு பெட்டி அடைத்துக் கொடுத்து வருகிறார். நிறை ஒத்த கோதுகளெல்லாம் அந்தப் பெட்டிக்கு, நிறை தப்பியவை தன்னுடைய தகரப்பேணிக்கு. சனிக்கிழமைகளில் ஸ்தெய்னார் கடைத் தோட்டாதான் சுடுவார். உன்னுடையது வேட்டைக்கு மட்டும் என்பார். “என்ரை தோட்டாவைக் கன்னத்துக்குப் பக்கத்திலை வைச்சுச் சுடுறான் பிள்ளை,” என்று நிலானியிடம் அவர் பெருமைப்பட்டதும் உண்டு.

இந்தக் கோடையில் நல்ல கோதுகளுக்குத் தட்டுப்பாடு. தான் அடைத்துக் கொடுத்தவற்றில் சுட்டு முடிந்த கோதுகளைத் திருப்பித் தர முடியுமா என்று ஸ்தெய்னாரிடம் கேட்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு பை வந்தது. எல்லாம் நன்றாகச் சுட்டன, நன்றி என்றார் ஸ்தெய்னார்.

மறுநாள் முதல் கோதை ஊதப் போனவர் கையை இறக்கினார். அடியில் எழுத்து சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாய் விளிம்பை அவர் எப்போதும் உள்ளும் புறமும் சீவிவிடுவார். இது சீவப்படவில்லை. அவர் அடைக்கும்போது அழிந்துவிடுகிற, தொழிற்சாலையில் பூசிய சிவப்பு வளையமும் அடியில் அப்படியே இருந்தது. அடுத்ததும் அப்படியே, பையிலிருந்த அத்தனையும் அப்படியே. எல்லாம் கடைத் தோட்டாவின் கோதுகள். ஸ்தெய்னார் மெனக்கெட்டு, அதே எழுத்துள்ளதாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார். அப்படியானால் மூன்று பெட்டியும் எங்கேயோ ஒரு அலுமாரித் தட்டில் திறக்காமலே கிடக்கின்றன.

கோபம் வந்திருந்தால் நல்லது. அது வரவில்லை. மற்றவன் அடைத்ததை அவரும்தான் சுடமாட்டாரே. மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். நிலானி அழைத்தபோது, சாப்பிட்டுவிட்டேன் என்றார்.

சனிக்கிழமை வழக்கம்போலப் போனார். கோப்பியை ஊற்றிக்கொண்டே ஸ்தெய்னார், கோதுகள் உதவினவா என்று கேட்டார். முகத்தை நேரே பார்க்கவில்லை. நல்ல கோதுகள் என்றார் அரசரத்தினம். மழை வரும்போலிருக்கிறது என்றார் ஸ்தெய்னார்.

ஞாயிறு காலை ஸ்தெய்னாருக்கான இந்த வருடத்துப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். யாரும் சுடப்போவதில்லை. தகரப்பேணியில் கிடப்பதை அள்ளிப் போட்டு நிரப்பினாலும் கேட்க ஆளில்லை. ஒரு கோதை எடுத்து ஊதி, தராசில் வைத்தார். எண் தயங்கித் தயங்கி, வேண்டியதற்கு ஒரு மயிரிழை மேலே போய் நின்றது. அதை எடுத்துத் தன் பேணிக்குள் போட்டுவிட்டு, அடுத்ததை உதட்டருகே கொண்டுபோனார்.